இடியன் துவக்கில் இரட்டை ஏற்றம்: தவிர்ப்பதும் கண்டுபிடிப்பதும் அகற்றுவதும்

உரிமம் பெற்ற இடியன் துவக்கை, அதாவது வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் இடித்து ஏற்றும் துப்பாக்கியை, வயற்காவலுக்கு வைத்திருக்கும் கமக்காரருக்காகவும், அவரோடு பரணில் இரவு விழிக்கும் இளையவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். உரிமம் இல்லாத துவக்கை வைத்திருப்பது இலங்கையின் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி குற்றம். மிருகப் பாதையில் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கைப் பற்றி இங்கே ஒரு வரியும் இல்லை. அது ஆளையும் மாட்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை.

பன்னிரண்டு துவாரத் துவக்கை மடித்துத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். இடியனில் அந்த வசதி இல்லை. மருந்து போவதும் வாய் வழிதான், குண்டு போவதும் வாய் வழிதான். உள்ளே என்ன கிடக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்க வழியே கிடையாது. அதனால் எல்லோரும் ஞாபகத்தை நம்புகிறார்கள். நடுச்சாமத்தில், பன்றி வேலியை முட்டும் சத்தத்துக்கு நடுவே, ஞாபகத்தை நம்பக் கூடாது. அந்த வேலையை, மருந்தையும் குண்டையும் குழலுக்குள் தள்ளி இறுக்கும் இடிகம்பியிடம் கொடுத்துவிட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

சொற்களை முதலில் ஒழுங்குபடுத்திக்கொள்வோம். ‘குழல்’ என்பது இரும்புக் குழாய் முழுவதும். ‘அடி’ என்பது மருந்து கிடக்கும் மூடிய முனை, ‘வாய்’ திறந்த முனை. அடியில் பக்கவாட்டில், அடித்தால் நெருப்புத் தரும் செப்புக் கேப்பை மாட்டும் சிறு குழாயைக் ‘கேப்குழாய்’ என்கிறேன். கேப்பை அடிப்பது குதிரை, இழுப்பது விசை, தோளில் அணைப்பது சோங்கு.

1. இரட்டை ஏற்றத்தில் நடப்பது என்ன

ஏற்கெனவே ஏற்றிய குழலில் மறுபடி மருந்தோ குண்டோ போடுவதுதான் இரட்டை ஏற்றம். அது பல வகைப்படும். எல்லாம் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல என்றாலும் எதுவும் பாதுகாப்பானது அல்ல.

மருந்து மட்டும் இரண்டு முறை விழுந்து குண்டு ஒரு முறை விழுந்தால் அமுக்கம் கூடும், சோங்கு தோளை உடைப்பதுபோல் அடிக்கும். நல்ல குழல் ஒருவேளை தாங்கலாம். துரு தின்ற குழல் தாங்காது. குண்டு மட்டும் இரண்டு முறை போனால் தள்ளவேண்டிய பாரம் இரட்டிப்பாகும். பாரம் கூடினால் குண்டு நகரத் தாமதிக்கும். தாமதிக்கும் அந்தக் கணத்தில் அமுக்கம் அடியில் ஏறிக்கொண்டே போகும்.

மோசமானது, மருந்து, குண்டு, மறுபடி மருந்து, மறுபடி குண்டு என்று அடுக்காகக் கிடப்பது. இரண்டாம் அடுக்கு அடியில் இல்லை, குழலில் சற்று மேலே இருக்கிறது. குழல் அடியில்தான் தடிப்பு, வாயை நோக்கிப் போகப்போக மெலிந்துவிடும். கேப்பின் நெருப்பு முதல் அடுக்கைக் கொளுத்தும்போது மேல் அடுக்கு ஓர் அடைப்பாக நிற்கும். சூடான வாயு குண்டைத் தாண்டி மேலே போனால் மேல் மருந்தும் பற்றும். அப்படி வெடித்தால், அது வெடிக்கும் இடம் குழலின் மெலிந்த பகுதி. நீங்கள் இடக்கையால் குழலைத் தாங்கிப் பிடிக்கும் இடமும் கிட்டத்தட்ட அதுதான்.

வெடிப்பு எப்போதும் குழலைப் பிளப்பதில்லை. சிலவேளை கேப்குழாய் கழன்று தெறிக்கும், குதிரை பின்னால் எறியப்படும். இவை இரண்டும் வலக்கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பவை. பக்கத்தில் குந்தியிருப்பவருக்கும் இதே ஆபத்து உண்டு.

இன்னொன்று. “பெரிய பன்றி, இரண்டு பங்கு போடு தம்பி” என்று வேண்டுமென்றே கூட்டிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தெரிந்து போட்டாலும் தெரியாமல் போட்டாலும் இரும்புக்கு ஒன்றுதான். ஓர் அளவுக்கு மேல் போட்ட மருந்தில் பெரும்பகுதி வாய்க்கு வெளியே நெருப்பாக எரிந்து போகிறது. பன்றிக்குக் கிடைக்கும் வேகம் கொஞ்சம், உங்கள் தோளுக்கும் குழலுக்கும் கிடைப்பது நிறைய.

2. அது எப்படி நேர்கிறது

குடிவெறியில் நேர்வது என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அதுவும் உண்டு. ஆனால் நான் பார்த்தவரையில் நிதானமான ஆட்களுக்கே அதிகம் நேர்கிறது. காரணங்கள் நான்குதான்.

முதலாவது, கேப் மட்டும் வெடித்து மருந்து பற்றாமல் போவது. காலபோகத்தில், ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை வன்னியில் காற்றே ஈரமாக இருக்கும். கருமருந்து ஈரம் உறிஞ்சும். முன்பு வெடித்த கரியும் ஈரம் இழுத்துக் கேப்குழாயின் துளையை அடைக்கும். கேப் ‘டப்’ என்கிறது, அதே நேரம் பக்கத்து வயலில் யாரோ யானைவெடி போடுகிறார். தன் துவக்குத்தான் வெடித்தது என்று எண்ணி மறுபடி மருந்து போடுகிறார் காவற்காரர்.

இரண்டாவது, நடுவில் பேச்சு. மருந்து போட்ட பிறகு ஒருவர் டோர்ச் கேட்கிறார், நாய் குரைக்கிறது, கைபேசி அடிக்கிறது. திரும்பி வந்தவருக்கு எந்தப் படியில் விட்டோம் என்பது தெரியாது.

மூன்றாவது, துவக்கு ஒன்று, கை இரண்டு. அண்ணன் மாலையில் ஏற்றிச் சாத்திவைத்திருப்பார், தம்பி இரவில் வந்து ஏற்றுவார். நான்காவது, போன போகத்தில் ஏற்றி வெடிக்காமல் வீட்டு வளையில் செருகிவைத்த துவக்கு. எட்டு மாதம் கழித்து இறக்கும்போது அது ஏற்றிய துவக்கு என்பது வீட்டில் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது.

பயிற்சி பெற்ற படைவீரருக்கே இது நேர்ந்திருக்கிறது. 1863ஆம் ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பேர்க் சண்டை முடிந்து களத்தில் பொறுக்கிய துவக்குகள் ஏறத்தாழ 27,500. அவற்றில் சுமார் 24,000 ஏற்றியபடியே கிடந்தன. அவற்றிலும் கிட்டத்தட்டப் பாதியில் இரண்டு ஏற்றம் இருந்தது, ஒன்றுக்குள் மட்டும் இருபத்துமூன்று. நாள்தோறும் அணிவகுத்துப் பழகிய கைகள் அவை. நமக்கு இருப்பது வருடத்தில் சில மாதக் காவல்.

3. முன்கூட்டியே வேண்டியவை

வயலுக்குப் போய்த் தேடக் கூடாத பொருட்கள் இவை: குழலின் அடிவரை எட்டி, அதற்கு மேல் ஒரு சாண் வெளியே நிற்கும் இடிகம்பி. மருந்தளக்கும் சிறு கிண்ணம் ஒன்று, ஒன்று மட்டும். கேப்குழாயைக் குத்த மெல்லிய கம்பி. பழந்துணி. குழலுக்குள் திருகி அடைப்பைப் பிடித்து இழுக்கும் திருகுமுனை. தண்ணீர்ப் போத்தல். ஒரு முழச் சிவப்புத் துணி. கண்ணைக் காக்கும் கண்ணாடி ஒன்று இருந்தால் விட்டுவைக்க வேண்டாம்.

மருந்து எது என்பதில் பேரம் பேச இடமில்லை. இடியனுக்குக் கருமருந்து மட்டும்தான், அதுவும் உரிமத்தோடு வாங்கியது. பன்னிரண்டு துவாரத் தோட்டாவை வெட்டி அதன் மருந்தைக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அது புகையில்லா மருந்து. அதன் அமுக்கம் வேறு கணக்கு. ஒற்றை அளவிலேயே இடியனை உடைக்கும்.

போர்க்கால வெடிபொருட்களிலிருந்து எடுத்த மருந்து அதைவிடக் கொடியது. முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் காணி திருத்தும்போது அப்படி எதுவும் கண்ணில் பட்டால் கை வைக்க வேண்டாம். இடத்தை அடையாளமிட்டுப் பொலிசுக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவுக்கோ சொல்லுங்கள்.

துவக்கையும் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். தண்ணீர்க் குழாயில் செய்த குழல், பற்றவைத்த குழல், பாதி இழுப்பில் நிற்காமல் நழுவும் குதிரை, ஆடும் கேப்குழாய், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் துவக்குக்கு இந்த வழிகாட்டி உதவாது. அதை வெடிக்கவே கூடாது.

4. இடிகம்பியில் இரண்டு குறிகள்

இந்தப் பகுதியை ஒருமுறை பகலில், வீட்டு முற்றத்தில், அவசரமில்லாமல் செய்யுங்கள். மற்ற எல்லாப் படியும் இதன்மேல்தான் நிற்கிறது.

முதலில் கேப்குழாயில் கேப் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பிறகு குழலை வாய் உங்கள் முகத்துக்கு அப்பால் சாய்ந்திருக்கப் பிடித்து இடிகம்பியை உள்ளே விடுங்கள். அது நின்ற இடத்தில், வாயின் விளிம்போடு சரியாக, பென்சிலால் கோடு போடுங்கள். கம்பியை வெளியே எடுங்கள்.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். அந்தக் கோட்டையே ‘வெறுங்குழல்’ குறியாக வெட்டிவிடுகிறார்கள். குழல் அன்று உண்மையில் வெறுமையாகத்தான் இருந்தது என்பதற்கு என்ன சாட்சி? ஒட்டுசுட்டான் பக்கத்து இளைஞர் ஒருவர் மிகுந்த கவனத்தோடு அரத்தால் குறி வெட்டிக் கொண்டுவந்து காட்டினார். கம்பியைக் குழலுக்கு வெளியே பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். குறி வாயோடு நின்றது, கம்பியின் நுனியோ கேப்குழாய்க்கு நான்கு விரல் முன்னதாகவே முடிந்தது. “தம்பி, இதற்குள் என்ன இருக்கிறது?” என்று கேட்டேன். “ஒன்றுமில்லை அண்ணை, இப்போதுதானே பார்த்தேன்” என்றார். அவருடைய தகப்பனார் போன மாரியில் ஏற்றியது அப்படியே உள்ளே கிடந்தது. அந்தக் குறியை நம்பியிருந்தால் ஏற்றிய துவக்கு ஒவ்வொரு முறையும் வெறுந்துவக்காகத் தெரிந்திருக்கும்.

ஆகவே வெளியளவு கட்டாயம். கம்பியைக் குழலின் பக்கத்தில் கிடத்தி, பென்சில் கோடு வாய்க்கு நேராக வரும்படி வையுங்கள். கம்பியின் நுனி கேப்குழாய் குழலோடு சேரும் இடத்துக்கு வந்து நிற்க வேண்டும். ஒரு விரலுக்கு மேல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. மருந்தாக இருக்கலாம், இறுகிய கரியாக இருக்கலாம், குளவிக்கூடாகவும் இருக்கலாம். சாத்திவைத்த குழலில் குளவி மண் வைத்துக் கூடு கட்டுவது இங்கே சாதாரணம். அந்த மண்ணும் குண்டைப்போலவே ஓர் அடைப்புத்தான்.

வெளியளவும் உள்ளளவும் ஒத்துவந்த பிறகு அந்தக் கோட்டை அரத்தால் மெல்லக் கீறுங்கள். சாயம் பூசினால் வியர்வையிலும் எண்ணெயிலும் ஒரு போகத்தில் அழிந்துவிடும். மரக்கம்பியானால் ஆழமாக வெட்ட வேண்டாம், அழுத்தும்போது அந்த இடத்தில் முறிந்து உள்ளங்கையைக் குத்தும். இது வெறுங்குழல் குறி.

இரண்டாவது, ஏற்றக் குறி. உங்கள் துவக்குக்கு உரிய அளவு மருந்து, அதை இறுக்கும் அடைப்பு, குண்டு அல்லது சன்னம் (சிறு ஈயக்குண்டுகள்) எல்லாம் சரியாக ஒருமுறை ஏற்றியபின் கம்பி எங்கே நிற்கிறதோ அங்கே. தென்னந்தும்பை அடைப்பாகப் பயன்படுத்துவோருக்கு இது ஒவ்வொரு முறையும் மயிரிழை சுத்தமாக ஒரே இடத்தில் நிற்காது, தும்பு இறுகும் அளவு மாறும். அதனால் ஏற்றக் குறியை ஒரு கோடாக இல்லாமல் அரை விரல் அகலப் பட்டையாகப் போடுங்கள். கம்பி பட்டைக்குள் நின்றால் ஒற்றை ஏற்றம். பட்டை முழுவதும் வாய்க்கு மேலே தெரிந்தால் உள்ளே இருப்பது ஒற்றை ஏற்றத்தைவிடக் கூட, அல்லது குண்டு பாதிவழியில் நிற்கிறது. இரண்டுமே வெடிக்கக் கூடாத நிலை.

மருந்தின் அளவையோ அடைப்பையோ மாற்றினால் ஏற்றக் குறியும் மாறும். கம்பியின் நுனியில் துடைப்புமுனை திருகியிருந்தால் நீளம் கூடும். எந்த முனையோடு குறி போட்டீர்களோ அந்த முனையோடுதான் எப்போதும் அளக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கம்பியை இரவல் வாங்குவதும் கூடாது.

5. ஒவ்வொரு முறையும் வெறுங்குழல் சோதனை

துவக்கைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் இது முதல் வேலை. நீங்களே ஐந்து நிமிடத்துக்கு முன் கீழே வைத்ததாக இருந்தாலும் செய்யுங்கள்.

முதலில் கேப்பை அகற்றுங்கள். கேப் இருக்கும் துவக்கில் கம்பி விடுவது, வெடிக்கத் தயாரான துவக்கின் வாயில் கை வைப்பதற்குச் சமம். ஆனால் கேப் இல்லாததைக் கண்டு துவக்கு வெறுமை என்று முடிவுகட்டவும் கூடாது. கேப் விழுந்திருக்கலாம்.

அடுத்து, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, உடலைக் குழலுக்கு நேராக வைக்காமல் ஒதுங்கி நின்று, கம்பியை இரண்டு மூன்று விரல் நுனியால் பிடித்து உள்ளே விடுங்கள். உள்ளங்கையைக் கம்பியின் தலைமேல் வைத்து அமுக்க வேண்டாம். உள்ளே எதிர்பாராமல் பற்றினால் கம்பி அம்பாக வரும். விரல் நுனியில் பிடித்தது வழுக்கிப் போகும், உள்ளங்கையில் வைத்தது துளைத்துப் போகும்.

இரும்புக் கம்பியானால் அடியில் படும்போது ‘டிங்’ என்று தெளிவாக ஒலிக்கும். ஏற்றத்தின்மேல் பட்டால் ‘தொப்’ என்று மந்தமாக இருக்கும். பழைய ஆட்கள் சத்தத்தை மட்டும் கேட்டுச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கரி படிந்த அடியும் மந்தமாகத்தான் ஒலிக்கும், மரக்கம்பி ஒலிப்பதே இல்லை. சத்தம் துணைச்சாட்சி, தீர்ப்பு குறியில்தான். இருட்டில் நகத்தால் குறியைத் தடவிப் பாருங்கள். அரத்தால் கீறச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

துவக்கைக் குலுக்கிப் பார்ப்பது, வாயில் உதடு வைத்து ஊதுவது, தீக்குச்சி கொளுத்தி உள்ளே எட்டிப் பார்ப்பது, இவற்றையெல்லாம் செய்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இறுக அடைத்த சன்னம் குலுங்காது. மற்ற இரண்டையும் பற்றி விளக்கம் சொல்லத் தேவையில்லை.

6. ஏற்றும் ஒழுங்கு

ஏற்றுபவர் ஒருவரே. தொடங்கினால் முடிக்கும்வரை அவரோடு யாரும் பேசக் கூடாது, அவரும் பேசக் கூடாது. பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் பக்கத்தில் வேண்டாம். இடையில் நிறுத்த நேர்ந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. கம்பியை விட்டு அளந்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதைக் குறி சொன்ன பிறகே அடுத்த அசைவு.

1. வெறுங்குழல் சோதனை. கம்பி வெறுங்குழல் குறியில் நிற்க வேண்டும்.

2. முன்பு வெடித்திருந்தால் ஈரத்துணியால் ஒருமுறையும் உலர்ந்த துணியால் ஒருமுறையும் துடையுங்கள். உள்ளே கனன்றுகொண்டிருக்கும் துணுக்கு புது மருந்தைக் கொளுத்திவிடும். கரியையும் துடைத்துவிட்டால் குண்டு பாதிவழியில் சிக்காது.

3. ஒரு கிண்ணம் மருந்து. பெரிய குப்பியிலிருந்து நேரே குழலுக்குள் ஊற்ற வேண்டாம். நெருப்பு இருந்தால் குப்பி முழுவதும் கையில் வெடிக்கும். கிண்ணத்தில் அளந்து, குப்பியை மூடி, எட்ட வைத்துவிட்டுப் போடுங்கள். போட்டதும் கிண்ணத்தைக் கவிழ்த்து வையுங்கள். நிமிர்ந்த கிண்ணம் என்றால் மருந்து இன்னும் போகவில்லை, கவிழ்ந்தது என்றால் போய்விட்டது.

4. அடைப்பு, குண்டு அல்லது சன்னம், மேலடைப்பு. ஒரே சீரான அழுத்தத்தில் அடிவரை தள்ளுங்கள். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவில் வெற்றிடம் இருக்கக் கூடாது. மேலே நிற்கும் குண்டு, இரட்டை ஏற்றத்தின் மேல் அடுக்கைப்போலவே குழலை வீங்கவைக்கும்.

5. ஏற்றக் குறி பார்த்தல். பட்டை வாயின் விளிம்பில் நிற்கிறதா? கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மருந்து போடாமல் குண்டை மட்டும் தள்ளியிருந்தால் பட்டை குழலுக்குள் மறைந்துவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை. அப்படி ஏற்றிய துவக்கு வெடிக்காது. வெடிக்கவில்லையே என்று அதன்மேல் மருந்தும் குண்டும் போடுவதுதான் அடுத்து நடக்கும்.

6. கம்பியை வெளியே எடுத்து அதன் இடத்தில் செருகுதல். கம்பியைக் குழலில் மறந்துவிட்டு வெடித்தவர்கள் உண்டு.

7. சிவப்புத் துணியைக் குதிரைக்கும் கேப்குழாய்க்கும் நடுவில் செருகுதல். துணி தெரிந்தால் துவக்கு ஏறியிருக்கிறது, கேப் இல்லை.

8. கேப் கடைசியில். பன்றி தெரிந்து, அதன் பின்னால் ஆளோ வீடோ பாதையோ இல்லை என்று டோர்ச் வெளிச்சத்தில் உறுதியான பிறகு. மான், மரை, மயில் ஆகியவற்றைச் சட்டம் காக்கிறது. யானைக்குச் சன்னம் அடிப்பது சட்டத்துக்கும் விரோதம், உங்கள் உயிருக்கும் விரோதம். காயம்பட்ட யானை அடுத்த நாளும் வரும்.

7. கேப் வெடித்தும் மருந்து பற்றாவிட்டால்

இரட்டை ஏற்றங்கள் பிறப்பது பெரும்பாலும் இந்த நிமிடத்தில்தான்.

துவக்கைத் தோளிலிருந்து இறக்க வேண்டாம். வாய் அதே பக்கம் இருக்கட்டும். ஈர மருந்து சிலவேளை மெல்லக் கனன்று பிந்தி வெடிக்கும். ஒரு முழு நிமிடமாவது காத்திருங்கள். அறுபதுவரை வாய்விட்டு எண்ணுங்கள், மனதுக்குள் எண்ணினால் இருபதில் முடிந்துவிடும்.

பிறகு பழைய கேப்பை எடுத்து, கேப்குழாயை மெல்லிய கம்பியால் குத்தித் துளையைத் திறந்து, புதுக் கேப் போட்டு, பாதுகாப்பான பக்கம் நோக்கி மறுபடி முயலுங்கள். அப்போதும் பற்றாவிட்டால் மறுபடி காத்திருந்து இன்னும் ஒரு முறை. அதற்கு மேல் வேண்டாம். அன்றைய காவல் யானைவெடியோடும் தகரத்தோடும் நடக்கட்டும்.

இந்த நேரத்தில் வாய் வழியாக எதையும் போடக் கூடாது. “கொஞ்சம் புது மருந்து போட்டால் பற்றும்” என்று யாராவது சொன்னால் மருந்துக் குப்பியை அவர் கைக்கு எட்டாமல் வையுங்கள். புது மருந்து குண்டுக்கு மேலேதான் விழும், குண்டுக்குக் கீழே போகாது.

வெடித்ததா இல்லையா என்ற சந்தேகம் சிலவேளை வரும். புகை எழுந்ததா, தோள் உதைபட்டதா என்று நினைவை நோண்ட வேண்டாம். நிமிடம் முழுதும் காத்து, கேப்பை எடுத்து, கம்பியை விட்டு அளவுங்கள்.

8. கைமாறும்போதும் வீடு திரும்பும்போதும்

துவக்கை வாங்குபவர் கொடுப்பவரின் கண்முன்னே கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். மூத்தவரிடம் வாங்கும்போது இளையவருக்குக் கூச்சம் இருக்கும், பெரியப்பாவைச் சந்தேகப்படுவதுபோல் தோன்றும். அதனால் இதை மூத்தவர்தான் தொடங்கிவைக்க வேண்டும். “அளந்து பார்த்து வாங்கு” என்று அவரே சொல்லிக் கம்பியை நீட்டினால் கூச்சம் போய்விடும்.

பரணிலிருந்து இறங்குமுன் கேப்பை எடுத்துவிடுங்கள். ஏற்றிய துவக்கை வீட்டுக்குக் கொண்டுவரவே வேண்டாம். விடியற்காலையில், பாதுகாப்பான மண்மேட்டை நோக்கி வெடித்து வெறுமையாக்கி, துடைத்து, அளந்து, பிறகு கொண்டுவாருங்கள். வெடிக்க முடியாத இடமென்றால் அடுத்த பகுதியில் சொல்வதுபோல் நனைத்து அகற்றுங்கள். ஒரு மருந்துச் செலவை மிச்சம்பிடிக்க அதை அப்படியே வளையில் செருகுவதுதான் அடுத்த போகத்து விபத்துக்கு விதை.

வெறுந்துவக்கை வைக்கும்போது வாயைத் துணியால் அடையுங்கள், குளவி புகாது. துணியின் நுனி ஒரு சாண் வெளியே தொங்கட்டும். உள்ளே தள்ளி மறந்த துணியும் அடைப்புத்தான். மருந்து, கேப், துவக்கு மூன்றும் மூன்று இடத்தில், பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டிலே இருக்க வேண்டும்.

9. இரட்டை ஏற்றம் என்று தெரிந்துவிட்டால்

வெடித்துத் தீர்க்கக் கூடாது. மரத்தில் கட்டி, கயிற்றால் விசையை இழுத்துத் தீர்க்கலாம் என்ற யோசனை எப்போதும் யாரிடமிருந்தாவது வரும். உடைந்த குழல் எந்தப் பக்கம் பறக்கும் என்று மரத்துக்கும் தெரியாது.

கேப்பை அகற்றி, துவக்கை வெளியே கொண்டுபோய், ஆட்களை விலக்குங்கள். கேப்குழாயைக் கழற்ற முடிந்தால் கழற்றி அந்தத் துளை வழியாகத் தண்ணீர் விடுங்கள். வாய் வழியாகவும் விட்டு நிமிர்த்திச் சாத்துங்கள். அப்போதும் வாயின் நேரே யாரும் குனியக் கூடாது. தும்படைப்பில் தண்ணீர் ஊறி இறங்கும், ஆனால் உடனே இறங்காது. ஒரு முழு இரவு விடுங்கள், இடையில் தண்ணீரை நிரப்புங்கள். இறுகிய ஈயக்குண்டு இருந்தால் மேலிருந்து ஊறுவது அரிது. அப்போது கேப்குழாய்த் துளைதான் வழி. இரண்டு அடுக்காக இருந்தால் இந்தத் துளை வழியாகக் கீழ் அடுக்கும், வாய் வழியாக மேல் அடுக்கும் நனையும். இரண்டு பக்கமும் விடச் சொன்னது அதற்காகத்தான்.

நனைந்த மருந்தை நம்பி நாளை கழித்துவிட வேண்டாம். காய்ந்தால் அது மறுபடி பற்றக்கூடும். ஈரம் இருக்கும்போதே அகற்ற வேண்டும்.

சன்னமும் தும்பும் மட்டுமென்றால் திருகுமுனையால் மேலடைப்பைப் பிடித்து இழுத்துச் சன்னத்தைக் கவிழ்த்துக் கொட்டலாம். ஒவ்வொரு அடுக்கு வெளிவந்த பிறகும் தண்ணீர் விட்டு மறுபடி அளவுங்கள். இறுகிய ஈயக்குண்டை இழுப்பது பழகிய கைக்கான வேலை. உரிமம் பெற்ற துவக்குத் திருத்துநரிடம் கொண்டுபோங்கள், அப்படி ஒருவர் அருகில் இல்லையென்றால் பொலிஸ் நிலையத்தில் உரிமப் பத்திரத்தோடு போய் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லுங்கள். துவக்கில் ‘உள்ளே இரட்டை ஏற்றம்’ என்று எழுதிக் கட்டிவிடுங்கள்.

கொல்லன் பட்டறையில் கொடுத்து உலையில் காய்ச்சவோ, துளை போடவோ, பற்றவைக்கவோ ஒருநாளும் இடம் கொடுக்காதீர்கள். உள்ளே மருந்து இருப்பது தெரியாத கொல்லருக்கு நீங்கள் கொடுப்பது துவக்கு அல்ல, வெடிகுண்டு.

10. தெரியாமல் வெடித்துவிட்டால்

வழக்கத்தைவிடப் பெரிய உதை, வித்தியாசமான சத்தம், நிறையப் புகை. ஆனால் துவக்கும் நீங்களும் முழுசாக இருக்கிறீர்கள். அதை நல்ல துவக்கு என்று மெச்சிக்கொண்டு அடுத்த ஏற்றத்துக்குப் போக வேண்டாம்.

குழல் ஆறியபின் துடைத்து, வெயிலில் பிடித்து அதன் நீளத்துக்குப் பார்வையை ஓட்டுங்கள். வீங்கிய இடம் குழலுக்கு வளையல் போட்டதுபோல் தெரியும். கண்ணுக்குத் தெரியாத வீக்கமும் உண்டு. எண்ணெய் தொட்ட துணியைக் கம்பியில் இறுக்கமாகச் சுற்றி அடியிலிருந்து வாய்வரை மெல்ல இழுங்கள். ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு வரவேண்டிய துணி, ஓரிடத்தில் திடீரெனத் தளர்ந்து மறுபடி இறுகினால், தளர்ந்த இடத்தில் குழல் விரிந்திருக்கிறது. கேப்குழாய் ஆடுகிறதா, அதன் புரி தேய்ந்ததா, அடியில் புதுக் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தக் குழலின் வேலை முடிந்தது. தட்டிச் சீராக்கிப் பயன்படுத்தலாம் என்பது பேராசை.

ஆளுக்குக் காயம் என்றால் துவக்கைப் பார்க்க நேரம் செலவழிக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். குளத்துக்கு அப்பால் காட்டோரமாக இருந்தால், வண்டி வரக்கூடிய சந்திவரை ஆளை எடுத்துவர இன்னொருவரை ஏற்பாடு செய்யுங்கள். இரத்தம் பாயும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள், நனைந்தால் எடுக்காமல் அதன்மேல் இன்னொரு துணி. கண்ணில் ஏதாவது குத்தி நின்றால் பிடுங்கவோ தேய்க்கவோ கூடாது, கண்ணில் அழுத்தம் படாமல் ஒரு கோப்பையால் மூடிக் கொண்டுபோங்கள். பிய்ந்த விரல் கிடைத்தால் ஈரத்துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வையுங்கள், பனிக்கட்டி நேரே தொடக் கூடாது. காயத்தில் மஞ்சளோ கரியோ கோப்பித்தூளோ அப்ப வேண்டாம்.

வைத்தியசாலையில் “மரம் வெட்டும்போது பட்டது” என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள். உரிமம் புதுப்பிக்காத பயம்தான் காரணம். மருந்துக்கரியும் ஈயமும் தும்பும் தசைக்குள் போயிருக்கின்றன என்பது தெரியாமல் மேலோட்டமாகத் தைத்துவிட்டால் உள்ளே அழுகும். துவக்கு வெடித்தது என்பதையும், எந்த வெடிமருந்து, குண்டா சன்னமா, எத்தனை மணிக்கு என்பதையும் வைத்தியரிடம் அப்படியே சொல்லுங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.